கதையும் சொல்லும் வாயும்: வாசகர் கேள்வி – பதில்

கதை சொல்லல், நடை, உரையாடல் ஆகியவற்றை மொழியியல் எப்படிப் பார்க்கிறது என்று கேட்டு இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. சில பதில்கள் நீண்டுவிட்டன. சில நாலு வரியில் முடிந்துவிட்டன. கேள்வி கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் கணவரும் கொழுந்தனாரும் தீபாவளிக்கு முந்திய நாள் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒன்றாகச் சிக்கிக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கணவர் சொன்னால் விருந்தினர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். கொழுந்தனார் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். உண்மையில் கணவர் சொல்வதுதான் துல்லியமானது. மொழியியலில் இதற்கு விளக்கம் உண்டா?
– வாசகி, ஈசூன்

இருவர் சொன்னதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அது பெரிய உதவி. உங்கள் கணவர் சொல்வது இது: “மாலை 7.20க்கு மின்தூக்கி எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அவசர மணியை அழுத்தினோம். 25 நிமிடத்தில் ஆள் வந்து கதவைத் திறந்தார்.” கொழுந்தனார் சொல்வது இது: “திடீர்னு நின்னுபோச்சு. லைட் இல்ல, காத்தாடி இல்ல, போன்ல லைன் இல்ல. கூட ஒரு சீனப் பாட்டி. அவங்க கத்தல, அழல, பட்டனக்கூட அமுக்கல. இருட்டுல வாசம் புடிச்சு, ‘முறுக்கா?’ன்னு கேட்டாங்க.”

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், “இன்றோடு செத்தோம் என்று நினைத்த சமயம் உங்களுக்கு வந்ததுண்டா?” என்று மக்களிடம் கேட்டு அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்துவந்தார். அவர் முதலில் தேடியது கதையை அன்று. பதிவுக் கருவி எதிரில் இருந்தால் யாரும் விறைப்பாகத்தான் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து வந்த கதையைச் சொல்லத் தொடங்கியவர் கருவியை மறந்து இயல்பாகப் பேசுவார் என்பது அவர் எதிர்பார்ப்பு. அப்படிச் சேர்ந்த கதைகளை வைத்து ஜோஷுவா வாலெட்ஸ்கியோடு சேர்ந்து 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, 1972இல் அதை மேலும் விரித்தெழுதினார். நேர்ந்த வரிசையிலேயே சொல்லப்பட்டு, வரிசையை மாற்றினால் நடந்ததே மாறிப்போகும்படி அமைந்த இரண்டு வாக்கியங்களேனும் இருந்தால் அது கதை என்பது அவர்கள் வைத்த அளவுகோல். அந்த அளவுகோலின்படி உங்கள் கணவர் சொல்வதும் குறையற்ற கதைதான்.

ஆனால் முழுமையான கதையில் வேறு உறுப்புகளும் உண்டு என்று லபோவ் கண்டார்: எதைப் பற்றிய கதை என்ற முன்னறிவிப்பு, யார், எங்கே, எப்போது என்ற அறிமுகம், சிக்கல், மதிப்பீடு, தீர்வு, கேட்பவரை நிகழ்காலத்துக்குத் திரும்ப அழைத்துவரும் முடிப்பு. இவற்றுள் மதிப்பீடு என்பதே உயிர்நிலை. “சரி, அதற்கென்ன?” என்று எதிரில் இருப்பவர் கேட்டுவிடாதபடி, இது ஏன் சொல்லத்தக்கது என்பதைச் சொல்பவர் மொழியால் காட்டிக்கொண்டே போவதுதான் மதிப்பீடு. உங்கள் கணவரின் மூன்று வாக்கியங்களில் அது அறவே இல்லை.

கொழுந்தனாரிடம் அது எங்கே இருக்கிறது என்று தேடினால், எதிர்மறைச் சொற்களில் இருக்கிறது. நடந்ததைச் சொல்ல நடக்காததை ஏன் சொல்ல வேண்டும்? கத்தவில்லை என்று சொல்லும்போது, அந்த இடத்தில் வேறு யாராயினும் கத்தியிருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு நம் மனத்தில் எழுப்பப்படுகிறது. அந்த எதிர்பார்ப்பின் மீதுதான் முறுக்கு வந்து விழுகிறது. எதிர்மறை, கேள்வி, ‘இப்படி நடந்திருந்தால்’ என்னும் நிபந்தனை போன்றவை, நேர்ந்ததை நேராததோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவிகள் என்று லபோவ் வகைப்படுத்தினார்.

தமிழ் தாராளமாகத் தரும் ஒரு கருவியையும் கொழுந்தனார் பயன்படுத்தியிருக்கிறார். கணவருக்கு மின்தூக்கி ‘நின்றது’, தம்பிக்கு ‘நின்னுபோச்சு’. ‘போ’ என்ற துணைவினை இங்கே இடப்பெயர்ச்சியைக் குறிக்கவில்லை. வேண்டாதது ஒன்று நம் கையை மீறி நடந்து முடிந்தது என்ற உணர்வைக் குறிக்கிறது. ‘வந்தான்’, ‘வந்துவிட்டான்’, ‘வந்து தொலைந்தான்’ என்ற மூன்றிலும் நிகழ்ச்சி ஒன்றுதான். சொல்பவரின் முகம் மட்டும் வேறு. ஆங்கிலத்தில் குரல் ஏற்ற இறக்கத்தாலோ தனி அடைமொழியாலோ செய்ய வேண்டியதைத் தமிழர் வினைமுற்றின் வாலிலேயே கட்டிவிடுகிறார்கள். உங்கள் கணவர் இந்த வால்களையெல்லாம் நறுக்கிவிட்டுப் பேசுகிறார். நகர மன்றத்துக்குப் புகார் எழுத வேண்டி வந்தால் மட்டும் பேனாவை அவரிடமே கொடுங்கள்.

என் கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘மேலும்’, ‘எனவே’, ‘அதுமட்டுமன்றி’ என்று இணைத்து எழுதினேன். ஆனாலும் ஆசிரியர் ‘தொடர்ச்சி இல்லை’ என்று எழுதிவிட்டார். இது நியாயமா?
– தொடக்கக் கல்லூரி மாணவர், சுவா சூ காங்

நியாயம்தான். பிணைப்பு வேறு, இயைபு வேறு. பிணைப்பு என்பது வாக்கியங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் கட்டு. இயைபு என்பது கருத்துகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது. மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976இல் ஆங்கிலத்தை முன்வைத்து எழுதிய நூலில் சுட்டு, பதிலீடு, விடுபாடு, இணைப்புச் சொல், சொல்லுறவு என்று ஐந்து வகைக் கட்டுகளைப் பிரித்தார்கள். நீங்கள் அவற்றுள் நான்காவதை மட்டும் வைத்துக் கட்டுரை முழுவதையும் கட்டப் பார்த்திருக்கிறீர்கள். கருத்து ஒன்றிலிருந்து ஒன்று பிறக்காதபோது ‘எனவே’ என்று எழுதினால், இல்லாத காரணத்தை இருப்பதாகச் சொல்லும் பொய்யாகிவிடுகிறது அது.

தமிழில் இணைப்புச் சொல்லின் தேவையே குறைவு என்பதையும் கவனியுங்கள். வினைமுற்று எழுவாயைக் காட்டிவிடுவதால் ‘அவர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. “கடைக்குப் போய், காய் வாங்கி, பேருந்துக்குக் காத்திருந்து வீடு திரும்பினார்” என்ற தொடரில் ‘பிறகு’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. வினையெச்சங்களே கால வரிசையையும், செய்தவர் ஒருவரே என்பதையும் சொல்லிவிடுகின்றன. ‘செய்து’ முதலிய மூன்று எச்சங்களும் தம் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்ற பொருளில் தொல்காப்பியம் “முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின” என்கிறது. “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பதுபோல் இதற்கு விலக்குகள் உண்டு. அங்கே காரண காரிய உறவு எழுவாய் மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. அடுத்த கட்டுரையில் எல்லா ‘மேலும்’களையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் அறுபடாத இடங்களில் அந்தச் சொல் வேண்டியதே இல்லை.

சிறுகதை எழுதிப் பழகிவருகிறேன். உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் விவரிப்பை எழுத்துத் தமிழிலும் எழுதுகிறேன். பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதை எந்தத் தமிழில் எழுதுவது? ஒவ்வொரு முறையும் ‘என்று நினைத்தாள்’ என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது.
– வாசகி, பொங்கோல்

இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது; ஆகவே சற்று நீட்டுகிறேன்.

எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்கு ஒரு வழக்குமாக வாழும் மொழிகளின் நிலையை மொழியியலாளர் சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் விவரித்தார்; நாம் அதை இரட்டை வழக்கு என்கிறோம். பல மொழி எழுத்தாளர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்றை இது நமக்குத் தருகிறது. ஒரு வரி யாருடையது என்பதை நம் வாசகர் அதன் விகுதியிலிருந்தே முடிவுசெய்துவிடுவார்: ‘போயிட்டான்’ என்றால் பாத்திரம், ‘போய்விட்டான்’ என்றால் கதைசொல்லி. மன ஓட்டமோ இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

பிரெஞ்சு உரைநடையில் கதைசொல்லியின் இலக்கணமும் பாத்திரத்தின் குரலும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதை மொழியியலாளர் சார்ல்ஸ் பாலி 1912இல் கவனித்துப் பெயரிட்டார். கட்டற்ற அயற்கூற்று என்று அதைத் தமிழில் சொல்லலாம். ‘என்று நினைத்தாள்’ என்ற கட்டு இல்லாமல், நினைப்பு மட்டும் விவரிப்புக்குள் கலந்துவிடும். பின்னர் 1972இல் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெத், ஒரு கதையில் ‘யார் பேசுகிறார்’ என்ற கேள்வியும் ‘யார் பார்க்கிறார்’ என்ற கேள்வியும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். உங்கள் சிக்கலை அவிழ்க்க அந்தப் பிரிப்பு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். “அவள் சன்னலைத் திறந்து கீழே பார்த்தாள். கார் நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. எங்கே போய்த் தொலைந்தான் இந்தப் பையன்? மணி பத்தாகிவிட்டதே. நாளைக்குப் பரீட்சை வேறு. தான் மட்டும் ஏன் இப்படி ஒவ்வோர் இரவும் காத்துக் கிடக்க வேண்டும்?”

முதல் இரண்டு வாக்கியங்களில் கதைசொல்லியே பேசுகிறார். மூன்றாவதிலிருந்து பேசுபவர் அவராகவே இருக்க, பார்ப்பவர் தாயாகிவிடுகிறார். எப்படித் தெரிகிறது? ‘நாளைக்கு’ என்பது கதைசொல்லியின் நாளை அன்று, அவள் நாளை. ‘இந்த’ என்ற அண்மைச் சுட்டு அவள் நெஞ்சுக்கு அருகில் நிற்கிறது. ‘பத்தாகிவிட்டதே’ என்பதிலுள்ள ஏகாரமும், ‘பரீட்சை வேறு’ என்பதிலுள்ள ‘வேறு’ம், ‘தொலைந்தான்’ என்ற துணைவினையும் அவள் பதற்றத்தைச் சுமக்கின்றன. கடைசி வரியின் ‘தான்’ எல்லாவற்றையும்விட வலிமையானது. அவள் வாய்விட்டுப் பேசியிருந்தால் ‘நான்’ என்றிருப்பாள். கதைசொல்லி வெளியில் நின்று சொன்னால் ‘அவள்’ என்றிருப்பார். ‘தான்’ என்றவுடன் நாம் அவள் தலைக்குள் இருக்கிறோம், ஆனால் சொல்பவர் அவளல்லர். இந்த நடுவிடத்துக்கென்றே ஒரு பிரதிப்பெயரைத் தமிழ் வைத்திருக்கிறது. அதை எழுத்தாளர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் இப்படி எழுதும்போது வினையின் காலத்தையும் இறந்தகாலத்துக்கு மாற்ற வேண்டும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே தன்மைப் பெயரோ ‘தான்’ போன்ற சொல்லோ வராத வரியை, அவளது நேர்க்கூற்று என்றும் சொல்லலாம், கட்டற்ற அயற்கூற்று என்றும் சொல்லலாம். மேலே “எங்கே போய்த் தொலைந்தான் இந்தப் பையன்?” என்பது அத்தகைய வரி. இதைக் குறையாகக் கருத வேண்டாம். அந்த மங்கல் கதைக்கு நல்லது.

எனவே என் பரிந்துரை இது. நினைப்பை எழுத்துத் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் பேச்சின் எலும்புகளான ஏகாரம், ஓகாரம், ‘வேறு’, ‘போல’, துணைவினைகள், சுட்டுகள் ஆகியவற்றை அதில் விட்டுவையுங்கள். “எங்க போய்த் தொலஞ்சான் இந்தப் பய” என்று முழுப் பேச்சு வழக்கில் எழுதினால், அவள் உரக்கச் சொன்னதுபோல் வாசகர் காதில் விழும். ஆத்திரம் உச்சத்துக்கு ஏறும் ஓரிடத்தில் மட்டும் அப்படி எழுதினால், அந்த மாற்றமே ஒரு நிகழ்ச்சியாகிவிடும்.

பேச்சு வழக்கை எழுதினால் தரம் தாழுமோ என்ற தயக்கம் கடிதத்தின் பின்பகுதியில் தெரிகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளைச் சொல்லும்போது, “சேரிமொழியால் செவ்விதின் கிளந்து, தேர்தல் வேண்டாது குறித்தது தோன்றின்” அது ‘புலன்’ என்கிறது. வழக்குமொழியில் சொல்லி, ஆராயாமலே பொருள் விளங்கினால் அதுவும் ஓர் அழகு என்பது கருத்து. சிங்கப்பூரைப் பொறுத்தவரை, முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர் நா. கோவிந்தசாமி முன்வைத்தது, சி. கு. மகுதூம் சாயபு 1888இல் ‘சிங்கை நேசன்’ இதழில் எழுதிய ‘விநோத சம்பாஷணை’. அது சிறுகதைதானா என்று வாதிடலாம். ஆனால் நம் புனைவின் தொடக்கமாகச் சுட்டப்படும் ஆக்கத்தின் தலைப்பிலேயே ‘சம்பாஷணை’ இருக்கிறது. பள்ளிகளிலும் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்துவிட்டது. தயங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உள்ளூர் மணம் வேண்டும் என்பதற்காக எல்லாப் பாத்திரங்களின் வாயிலும் சிங்கப்பூர்ப் பேச்சின் ‘லா’ என்ற அசையைத் தூவாதீர்கள். கோப்பிக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். ‘வேணாம்லா’ என்பவர் அதை யாரிடம் சொல்கிறார், யாரிடம் சொல்வதில்லை என்பது புலப்படும்.

‘நடை’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக அண்மையில் உருவாக்கியதா?
– வாசகர், தெம்பனிஸ்

இல்லை. தொல்காப்பியமே “உரைவகை நடையே நான்கு என மொழிப” என்கிறது. ஆனால் அங்கே அது உரையின் வகைகளைக் குறிக்கிறது. இன்று நாம் சொல்லும், ஓர் எழுத்தாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் தனிப்பாங்கு என்ற பொருளில் அன்று. சொல் பழையது, பொருள் புதியது.

அண்மையில் ஒரு சொற்பொழிவில், மேல்நாட்டார் கருத்தாடல் ஆய்வு (பேச்சும் எழுத்தும் சூழலில் எப்படிப் பொருள் தருகின்றன என்ற ஆய்வு) என்று சொல்வதெல்லாம் தொல்காப்பியத்தில் முன்பே இருக்கிறது என்று பேச்சாளர் முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். தட்டியது சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

பாதிக் கைதட்டல் சரி, ஐயா.

செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவை உண்டு: யார் சொன்னது, யாரிடம், எந்த இடத்தில், எப்போது. ‘முன்னம்’ என்ற உறுப்புக்கு “இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரிய என்று அவ்விடத்து அவரவர்க்கு உரைப்பது” என்று இலக்கணம் சொல்லப்படுகிறது. சொல்லின் பொருள் சொல்லுக்குள் மட்டும் இல்லை, சூழலில் இருக்கிறது என்ற தெளிவு இதற்குப் பின்னால் இருக்கிறது. இது எந்த மொழியின் இலக்கண மரபுக்கும் பெருமை தரத்தக்கது.

அகப்பாடல்களில் இது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கபிலரின் குறுந்தொகை 25 போதும். “யாரும் இல்லைத் தானே கள்வன்” என்று தலைவி தொடங்குகிறாள். அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அவன் தன்னைக் கூடிய நாளில் “குருகும் உண்டு” என்று முடிக்கிறாள். குருகு என்பது நீர்ப்பறவை; அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை அவள் தோழியிடம் சொல்கிறாள் என்று வைத்துப் படித்தால், திருமணம் தள்ளிப்போவதால் எழுந்த அச்சம். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக வைத்தால் வெறும் தனிமை. தலைவன் மறைவில் நின்று கேட்கிறான் என்று வைத்தால் அவன்மேல் தொடுத்த வழக்கு. சொற்கள் அசையவில்லை, கேட்போர் மாறினால் பாட்டே மாறுகிறது. (ஈசூன் வாசகியும் இந்தப் பாட்டைப் பார்க்கலாம்: ‘யாரும் இல்லை’ என்ற எதிர்மறை, சாட்சி இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கத்தை எழுப்புவதைக் கவனிக்கலாம்.)

மறுபாதிக்கு ஏன் கைதட்டக் கூடாது என்றால், இரண்டின் ஆய்வுப்பொருளும் வெவ்வேறு. தொல்காப்பியம் வகுப்பது புலவர் படைக்கும் கூற்றுகளின் மரபை: தோழி எதைச் சொல்லலாம், செவிலி எப்போது பேசலாம் என்பவற்றை. உரையாடலை ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, ஒலிநாடாவில் பதிவான அன்றாடப் பேச்சில் ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குவது எப்படி இவ்வளவு சீராக நடக்கிறது என்று கேட்டது. மொழித் தத்துவ அறிஞர் கிரைஸ் 1975இல் அச்சிட்ட கட்டுரை, சொன்னதற்கு அப்பால் குறிப்பாக உணர்த்துவதைக் கேட்பவர் எந்த எதிர்பார்ப்புகளைக் கொண்டு ஊகிக்கிறார் என்று கேட்டது. ‘முன்ன’த்துக்கும் கிரைஸுக்கும் உறவு தேடலாம், தேட வேண்டும். ஆனால் ‘எல்லாம் அங்கே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் தேட எதுவும் மிஞ்சாது. ஈசூன் மின்தூக்கிக் கதையை ஆராயத் தொல்காப்பியத்தில் சூத்திரம் இல்லை. நாம்தான் எழுத வேண்டும்.

என் அம்மா எதைச் சொன்னாலும் ‘ஆம்’ போட்டுச் சொல்கிறார்: “அவனுக்கு வேலை போயிடுச்சாம்”, “அந்தக் கடையை மூடப்போறாங்களாம்”. இது வம்புப் பேச்சின் இலக்கணமா?
– வாசகி, பிடோக்

உங்கள் அம்மா மிக நேர்மையானவர். ‘நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்’ என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒப்புக்கொள்கிறார். இதைக் கட்டாயமாக்கியுள்ள மொழிகளும் உலகில் உண்டு. துருக்கியில், இறந்த காலத்தைச் சொல்லும்போது நேரில் கண்டதற்கு ஒரு விகுதி, பிறர் சொல்லியோ ஊகித்தோ அறிந்ததற்கு வேறொரு விகுதி. தமிழில் அது சொல்பவர் விருப்பம். செய்தித்தாள்கள் இதே வேலைக்குக் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று நீட்டி எழுதுகின்றன; உங்கள் அம்மா ஓரசையில் முடித்துவிடுகிறார்.

பாட்டிமார் கதையும் இந்த அசையால்தான் தொடங்குகிறது: “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்.” ராஜா இருந்தானா என்று பேரப்பிள்ளை குறுக்குவிசாரணை செய்ய முடியாது, பாட்டி எதற்கும் பொறுப்பேற்கவில்லை.

இந்த ‘ஆம்’ தன்மை வினையோடு சேர்வது அரிது. நான் செய்ததை நானே கேள்விப்பட முடியாதல்லவா? தூக்கத்தில் பேசியது, மயக்கத்தில் உளறியது, நினைவறியாக் குழந்தைப் பருவத்தில் செய்தது ஆகியவற்றுக்கு மட்டும் அது பொருந்தும். நான் மூன்று வயதில் தேக்கா சந்தையில் தொலைந்துபோனேனாம். மீன்கடைக்காரர் ஒருவர் என்னை ஐஸ் பெட்டியின்மேல் உட்காரவைத்திருந்தாராம். நான் அழவே இல்லையாம். இதில் எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த ‘அழவே இல்லை’ முழுக்க முழுக்க என் தாயாருடையது.